தொற்றுக் காலத்தில் கரைக்குக் கூட்டம் வந்தால்: குப்பத்துக்கு ஒரு செய்முறை

மெரினாவை மூடினால் கூட்டம் வீட்டில் உட்காராது. வண்டியைக் கிழக்குக் கடற்கரைச் சாலை (இ.சி.ஆர்.) பக்கம் திருப்பும். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி, கோவளம் என்று எந்தக் குப்பத்துச் சந்தில் தடுப்பு இல்லையோ அங்கே இறங்கும். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய மெரினா அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்றுதான் திறந்தது. அடுத்த மாதமே காணும் பொங்கலை ஒட்டி ஜனவரி 15, 16, 17 மூன்று நாளும் மறுபடி மூடினார்கள். 2021 ஏப்ரலில் முதலில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களுக்கு மட்டும் தடை. பிறகு எல்லா நாளும் தடை. ஆகஸ்ட் 23 அன்று திறப்பு. 2022 ஜனவரியில் நடைப்பயிற்சிக்கு மட்டும் அனுமதி. இப்படித் திறந்து மூடிய ஒவ்வொரு முறையும் சின்னக் கரைகளில் நடந்தது ஒன்றுதான். மீன் ஏலத்துக்கு நாலு பேர் சேர்ந்து நின்றால் கரைக்காரனை விரட்டினார்கள். சாயங்காலம் வெளியூர்க்காரர்கள் அதே மணலில் வட்டம் போட்டு உட்கார்ந்து பஜ்ஜி தின்றார்கள்.

அந்த ஆத்திரம் நியாயமானது. ஆனால் அது பெரும்பாலும் தப்பான இடத்தில், தப்பான ஆள்மேல் போய் விழுந்தது. சாலையில் முள் வெட்டிப் போட்டது, பைக் சாவியைப் பிடுங்கியது, வந்த குடும்பத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டது என்று முடிந்து, வழக்கு ஊர்க்காரர்மேலேயே திரும்புகிற வாய்ப்பை உண்டாக்கியது. கீழே வருவது, அடுத்த தொற்று வந்தால் கையில் வைத்துக்கொள்ள ஒரு செய்முறை. குப்பத்து நாட்டார், கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர், சுய உதவிக் குழுவினர் எல்லோருக்கும் பொது.

முதலில் எண்ணுங்கள்

"ஆயிரக்கணக்கில் வர்றாங்க சார்" என்று ஸ்டேஷனில் சொன்னால் ஒன்றும் நடக்காது. எண் வேண்டும். இரண்டு ஞாயிறு எண்ணினால் போதும்.

கரைக்கு வரும் வழிகளைக் கணக்கெடுங்கள். தார்ச்சாலை, மண்பாதை, பங்களாக்களுக்கு இடையில் உள்ள சந்து, ரிசார்ட்டின் பின்கேட் எல்லாம் சேர்த்து. வழிக்கு இரண்டு பேர். ஒருவர் உள்ளே போகும் வண்டியை எண்ண வேண்டும், இன்னொருவர் வெளியே போவதை. ஒரு சட்டைப் பை நிறைய புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, பைக் வந்தால் ஒரு கிண்ணத்தில் ஒன்று, கார் வந்தால் இன்னொரு கிண்ணத்தில் ஒன்று போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கொட்டி எண்ணி, நோட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு மறுபடி தொடங்குங்கள். மனக்கணக்கு வேண்டாம். பேச்சு கொடுத்தால் விட்டுப்போகும். மாலை 3.30 முதல் 7 வரை எண்ணினால் பெரும்பகுதி அகப்பட்டுவிடும். காலை 6 முதல் 8 வரை வருபவர்கள் நடப்பவர்கள். அவர்களைத் தனியாக எழுதுங்கள், பின்னால் பயன்படும்.

இங்கே பலர் செய்யும் பிழை, வந்தவர்களை மட்டும் கூட்டிப் பெரிய எண் காட்டுவது. தொற்றுக்கு முக்கியம் ஒரே நேரத்தில் எத்தனை பேர் கரையில் இருந்தார்கள் என்பது. உள்ளே போனதில் வெளியே வந்ததைக் கழித்து, கால் மணிக்குக் கால் மணி இருப்பு போட்டால் உச்சம் எப்போது என்று தெரியும்.

அடுத்து, கரை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஒரு கணக்கு. அகலத்தை அலை ஏறி நிற்கும் நேரத்தில் அளக்க வேண்டும். வற்றிய நேரத்தில் அளந்தால் மணல் தாராளமாகத் தெரியும், சாயங்காலம் ஏமாற்றிவிடும். 200 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் என்றால் 6,000 சதுர மீட்டர். அதில் படகு ஏற்றும் இடம், வலை காயும் இடம், கரைவலை இழுக்கும் இடம் என்று 2,000 போகட்டும். மீதி 4,000. ஆளுக்கு ஆள் 2 மீட்டர் விட்டு நிற்க 4 சதுர மீட்டர் போதும் என்று தோன்றும். ஆனால் மனிதர்கள் கோலப் புள்ளி மாதிரி நிற்பதில்லை. நடப்பார்கள், பிள்ளைகள் ஓடும். ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஆக 400 பேர். அதற்கு மேல் ஒருவர் வந்தாலும் நெரிசல்தான்.

மணலில் தலையை எண்ண முடியாது, வண்டியை எண்ணலாம். பைக்குக்கு 2 பேர், காருக்கு 4 பேர் என்று வைத்தால் 400 பேர் என்பது 100 பைக்கும் 50 காரும். பைக் ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், கார் ஒன்றுக்கு 12.5, எடுத்துத் திருப்ப அதே அளவு இன்னொரு பங்கு. எல்லாம் சேர்த்து 1,650 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 41 சென்ட். ஊரில் வண்டி நிறுத்தும் இடம் அவ்வளவுதான் என்று கயிறு கட்டிவிட்டால் கரையில் கூட்டம் தானாக அளவுக்குள் நிற்கும். இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் ஊரும் நம்ம ஊரும் ஒன்றுதான். 2020 ஜூன் 25 அன்று இங்கிலாந்தின் போர்ன்மத் கடற்கரையில் கூட்டம் கைமீறிப் போய் நகராட்சி நெருக்கடி நிலை அறிவித்தபோது, அவர்களைத் திணறடித்ததில் பெரும்பங்கு கண்ட இடத்தில் நின்ற கார்கள்.

பயப்பட வேண்டியது மணலுக்கா, டீக்கடைக்கா

இதைக் கூட்டம் போட்டு ஊருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கொரோனா மாதிரி மூச்சில் பரவும் நோய் திறந்தவெளியில், கடற்காற்றில், எட்டி உட்கார்ந்த குடும்பத்திடமிருந்து பரவும் வாய்ப்பு குறைவு. பரவும் இடங்கள் வேறு: தகரக் கூரைக்குக் கீழே இருபது பேர் நெருக்கியடிக்கும் டீக்கடை, ஒற்றைப் பொதுக் கழிப்பறையின் வரிசை, மீன் பொரிக்கும் தள்ளுவண்டியைச் சுற்றிய வளையம், ஷேர் ஆட்டோ, ஏலக் களம். ஊர்க்காரரும் வெளியூர்க்காரரும் முகத்தோடு முகம் பார்ப்பது அங்கேதான். ஆக, பத்து ஆள் இருந்தால் இரண்டு பேரை மணலுக்கும் எட்டுப் பேரை இந்த இடங்களுக்கும் அனுப்புங்கள். நடைமுறையில் எல்லா ஊரிலும் இது தலைகீழாக நடக்கிறது. மணலில் உட்கார்ந்தவன் கண்ணுக்குத் தெரிகிறான், அதனால்தான்.

நடக்க விட்டு உட்கார விடாமல் இருப்பது நல்ல நடுவழி. சிட்னியின் போண்டை கடற்கரையை 2020 மார்ச் 21 அன்று மூடி ஏப்ரல் 28 அன்று திறந்தபோது, குளிக்கலாம், அலைச்சறுக்கு ஆடலாம், மணலில் உட்காரக் கூடாது என்றுதான் திறந்தார்கள். சென்னையில் 2022 ஜனவரியில் செய்ததும் அதே வகை. நடப்பவன் முக்கால் மணியில் போய்விடுவான். பாய் விரித்தவன் இருட்டும் வரை எழுந்திருக்க மாட்டான்.

உத்தரவைத் தாளில் வாங்குங்கள்

"பீச்சு மூடியாச்சாம்" என்று டிவியில் பார்த்ததை வைத்து யாரையும் தடுக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையர் போட்ட உத்தரவின் நகல் வேண்டும். பார்க்க வேண்டியவை ஐந்து. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நேரம், எந்தக் கரை, அதாவது உங்கள் கரையின் பெயர் இருக்கிறதா, அல்லது "அனைத்துக் கடற்கரைகளும்" என்று இருக்கிறதா, யாருக்கு விலக்கு, மீறினால் எந்தப் பிரிவு. விலக்குப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். தொழிலுக்குப் போகும் மீனவர்களுக்கு விலக்கு என்று தெளிவாக எழுதியிருக்காவிட்டால், விடியற்காலையில் வலையோடு நிற்பவரைத்தான் முதலில் விரட்டுவார்கள். அந்த வரி இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி அன்றைக்கே மனு.

கூட்டம் கூடுவதைத் தடுக்கும் உத்தரவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 144-இன் கீழ் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 163. இரண்டு மாதத்துக்கு மேல் அது தானாக நிற்காது. அரசு நீட்டிக்க வேண்டும். பழைய தாளை வைத்துக்கொண்டு மூன்றாவது மாதம் சாலையில் நிற்பவர்தான் மாட்டுவார்.

இன்னொன்றையும் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படித்துவிடுங்கள். அபராதம் போடும் அதிகாரம் நமக்கு இல்லை. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500 என்று வைத்தார்கள். வசூலிக்கலாம் என்றது அதிகாரம் பெற்ற அலுவலர்களை மட்டும். ஊர்ப் பெயரால் ரசீது அடித்து நுழைவுக் கட்டணம் வாங்கினால் அது பணம் பறிப்பு. வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் கிராமப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டு, எண்ணிட்ட ரசீது கொடுத்து, கணக்கில் ஏற்ற வேண்டும்.

மனு ஒரு பக்கம், நகல் நாலு

கரையில் நாட்டார் நடத்தும் ஊர்ப் பஞ்சாயத்து வேறு, தேர்தலில் வரும் கிராமப் பஞ்சாயத்து வேறு என்பது நமக்குத் தெரியும். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும். ஆகவே கிராமப் பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரையிட்ட கடிதத் தாளில் எழுதி, கீழே நாட்டார் கையெழுத்தையும் சேர்த்து வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாக வந்தால் இன்னும் பலம். ஆனால் தொற்றுக் காலத்தில் கிராம சபையே நடக்காமல் போகலாம். 2020 அக்டோபர் 2 கூட்டத்தை அரசு ரத்து செய்தது. எனவே அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பஞ்சாயத்து மன்றத் தீர்மானமே போதும்.

வாசகம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் ஊர்க் கரைக்கு மூன்று வழிகள் உள்ளன. கடந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 3.30 முதல் 7 வரை வண்டிகளை எண்ணினோம். கணக்கு இணைப்பில் உள்ளது. உச்ச நேரம் மாலை 5.30. கரையின் கொள்ளளவு 400 பேர். கோருவது: ஒன்று, சனி, ஞாயிறு மாலை 3 முதல் 7 வரை பிரதான சாலைச் சந்திப்பில் இரண்டு காவலர்கள். இரண்டு, சந்திப்பில் தடுப்பும் அறிவிப்புப் பலகையும். மூன்று, தொழிலுக்குச் செல்லும் மீனவர்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் உத்தரவில் தெளிவான விலக்கு. தன்னார்வலர்கள் பன்னிரண்டு பேரின் பட்டியலை இணைத்துள்ளோம்."

அவ்வளவுதான். மூதாதையர் காலத்திலிருந்து கடலே எங்கள் தாய் என்றெல்லாம் இதில் வேண்டாம். நகல்கள் காவல் ஆய்வாளர், வட்டார வளர்ச்சி அலுவலர், மீன்வளத் துறை உதவி இயக்குநர், சுகாதாரத் துறை துணை இயக்குநர் நால்வருக்கும். திங்கள்கிழமை குறைதீர் நாள் நடக்கவில்லை என்றால் அலுவலக வாசல் பெட்டியில் போட்டுவிட்டு, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கியே ஆக வேண்டும். அது இல்லாத மனு கொடுக்காத மனு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. முதல்வரின் உதவி மையம் 1100. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913.

எந்த இடத்தில் திருப்புவது

நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி, கடல் கண்ணில் பட்ட பிறகு யாரும் திரும்ப மாட்டார்கள். மணலில் பலகை வைத்துப் பிரயோஜனம் இல்லை. வண்டி திரும்ப இடம் இருக்கிற கடைசிப் புள்ளி எதுவோ அங்கே வையுங்கள்: பெரும்பாலும் பிரதான சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் முனை. எழுத்து உயரம் 10 அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 அடியில் படிக்க வேண்டுமென்றால் 6 அங்குல எழுத்து. மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது:

கடற்கரை மூடப்பட்டுள்ளது
ஆட்சியர் உத்தரவு, தேதி ...
இங்கே திரும்பவும்

மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாத பலகையை வாசித்துவிட்டு வண்டி நடுரோட்டில் நிற்கும், பின்னால் ஆறு வண்டி சேரும்.

கட்டையும் கயிறும்

சந்துகளுக்கும் மணல் ஓரத்துக்கும் சவுக்குக் கட்டை, பழைய வலைக் கயிறு. 60 மீட்டர் நீளத்துக்கு 3 மீட்டருக்கு ஒன்றாக 21 கட்டை. ஒவ்வொன்றும் 7 அடி, அடியைச் சீவிக் கூராக்கியது. கடப்பாரையால் இரண்டரை அடிக் குழி போட்டு, கட்டையை நிறுத்தி, மணலைத் தள்ளி, அரைக் குடம் தண்ணீர் ஊற்றி மிதியுங்கள். உலர்ந்த மணலில் தண்ணீர் ஊற்றாமல் நட்டால் முதல் பையன் சாய்ந்து நின்றதுமே கட்டை படுத்துவிடும். மேல் கயிறு மூன்றரை அடியில், கீழ்க் கயிறு இரண்டு அடியில். முடிச்சுக்கும் சேர்த்து 140 மீட்டர் கயிறு வேண்டும்.

கயிற்றில் மீட்டருக்கு ஒரு துணிக் கீற்று கட்டாமல் விடாதீர்கள். அந்தியில் நைலான் கயிறு கண்ணுக்குத் தெரியாது. மணலில் பைக் ஓட்டி வருபவனின் நெஞ்சுக்கு நேராக இருக்கும். பழைய வெள்ளை வேட்டிக் கிழிசல் சிவப்பைவிட இருட்டில் நன்றாகத் தெரியும்.

வலையைத் தடுப்பாகக் கட்ட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட மணலில் ஏறும் காலம். தரையைத் தொடும் வலையில் ஆமையும் சிக்கும், பிறகு கடலுக்குத் திரும்பும் குஞ்சும் சிக்கும். கீழ்க் கயிறு இரண்டு அடிக்குக் குறையக் கூடாது என்பதற்கு இதுவும் காரணம். அந்த மாதங்களில் தடுப்பில் விளக்கும் போட வேண்டாம்.

பிரதான வழியை எந்தக் காரணத்துக்காகவும் முழுதாக அடைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் நுழைய 12 அடி திறப்பு, அதில் கொக்கி மாட்டிக் கழற்றும் ஒற்றைக் கயிறு, பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள். 2020 ஏப்ரலில் முள்வெட்டிப் போட்ட ஊர்கள் மறந்தது இதைத்தான். பிரசவத்துக்கு ராத்திரி 108 வந்தால் முள்ளை அகற்ற அரை மணி ஆகும். தவிர, பொதுச் சாலையை அடைப்பது வழிமறித்தல் குற்றம். ஆட்சியரின் உத்தரவு வந்த ஆளைத் தடுக்கும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுக்கிறது, நமக்குக் கொடுக்கவில்லை.

பேசுவது எப்படி

வழிக்கு இரண்டு பேர், இரண்டு மணி நேர முறை. மூன்று வழி, இரண்டு முறை என்றால் பன்னிரண்டு பேர். ஒரு சோடியில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் நல்லது. சுய உதவிக் குழுவில் இருக்கும் நடுத்தர வயது அக்கா நின்றால் பைக் பையன்கள் முறைத்துக்கொண்டு நிற்பது குறையும். கையில் தடி கூடாது, வாயில் பீடி கூடாது, குடித்தவருக்கு முறை கிடையாது. முகக்கவசம் போடாமல் நின்று மற்றவரை முகக்கவசம் போடச் சொன்னால் அன்றைய வேலை அத்தோடு போச்சு.

வண்டியிலிருந்து ஆறு அடி தள்ளி, ஓட்டுபவர் பக்கம் நின்று பேசுங்கள்.

"அண்ணே வணக்கம். பீச்சு இன்னைக்கு மூடியிருக்குண்ணே, கலெக்டர் ஆர்டர். முன்னாடி போனா போலீஸ் நிக்கிறாங்க. இங்கயே திருப்பிக்கங்க, இடம் இருக்கு."

"அம்மாவை கடல் பாக்கக் கூட்டிட்டு வந்தோம்" என்பார்கள். உண்மையாகவே இருக்கும். "புரியுதுக்கா, காலையில ஆறு மணிக்கு நடக்க விடுறாங்க, அப்போ கூட்டியாங்க" என்று வழி சொல்லுங்கள், உத்தரவு அதை அனுமதித்தால். முடியாது என்று மட்டும் சொல்வதைவிட, எப்போது முடியும் என்று சொன்னால் திரும்புகிறவர்கள் அதிகம். "உங்க ஆளுங்க மட்டும் கும்பலா நிக்கிறாங்களே" என்றால் வாதாடாதீர்கள். "அது தொழில்ணே, அதுக்கு ஆர்டர்ல விலக்கு" என்று தாளைக் காட்டினால் போதும். மூன்றாவது தடவையும் வாதம் என்றால் ஒதுங்கி வழிவிட்டு, வண்டி எண்ணை நோட்டில் எழுதி, ஸ்டேஷனுக்குப் போன்.

சொல்லவே கூடாதது ஒன்று உண்டு: "நீங்கதான் நோயைக் கொண்டு வர்றீங்க." அடுத்த வாரம் ஊருக்குள் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால் அதே பேச்சு சந்தையில் மீன் விற்கப் போகும் நம் பெண்கள்மேல் திரும்பும். முகத்தைப் படம் எடுக்க வேண்டாம். சாட்சிக்குக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து, நேரம் பதிவாகும்படி எடுத்தால் போதும், அதையும் ஊர்க் குழுவில் போடாமல் மனுவோடு இணையுங்கள்.

மைக் செட் வைக்கப் போலீஸ் அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம். விடாமல் கத்தினால் ஐந்தாவது நிமிடத்திலிருந்து யாருக்கும் காதில் ஏறாது.

கடைக்காரர்களை விட்டுவிட்டால் எல்லாம் வீண்

வெளியூர்க் கூட்டத்தால் நொந்தவர்களும் அதே கூட்டத்தால் பிழைப்பவர்களும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். இதை முகத்துக்கு நேரே பேசாத ஊரில் தடுப்பு ஒரு வாரம்கூட நிற்காது. பின்சந்து வழியாக வண்டியைக் கூட்டிப் போவது பெரும்பாலும் கடைக்காரரின் பையன்தான். அவனைத் திட்டிப் பயனில்லை. சுண்டல், சோளம், மீன் வறுவல், குதிரை, ராட்டினம் எல்லாவற்றிலிருந்தும் ஒவ்வொருவரைக் குழுவில் சேர்த்து, தடை போடும் நாளே அவர்கள் பிழைப்புக்கும் வழி பேசுங்கள்.

கரை பாதி திறந்திருக்கும் காலத்தில் நடைமுறைக்கு வருவது முறை வைப்பது. இருபது கடை என்றால் ஒற்றைப்படை எண் ஒருநாள், இரட்டைப்படை மறுநாள். சனியும் ஞாயிறும் ஒரே சாராருக்குப் போகாமல் வாரம் மாற்றி மாற்றி. கடைக்குக் கடை 5 மீட்டர். பெஞ்சை எடுத்துவிட்டுப் பொட்டலம் மட்டும். உட்கார இடமில்லாத கடையைச் சுற்றி வளையம் சேராது. உட்கார்ந்து தின்னும்போதுதான் முகக்கவசம் கழுத்துக்கு இறங்குகிறது. மாலை ஐந்தரைக்கு எல்லாக் கடையும் விளக்கை அணைக்க வேண்டும், ஒரு கடைகூட விதிவிலக்கு இல்லை. போலீஸ் விசிலைவிட இதற்குத்தான் கூட்டம் சீக்கிரம் கலையும். முழுத் தடை என்றால் கடைக்காரர் பட்டியலையும் நிவாரண மனுவில் மீனவர் பட்டியலோடு சேர்த்துக் கொடுங்கள். அவர்களில் பலரிடம் மீனவர் நல வாரிய அட்டை இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

வார இறுதிக்கு வாடகைக்கு விடும் பங்களாக்களுக்குத் தனிக் கடிதம். காவலாளி கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் போதும். பின்கேட்டைப் பூட்டி வைப்பது அவர்கள் பொறுப்பு என்று அதில் இருக்கட்டும்.

நம் பக்கத்து ஓட்டை: ஏலக் களம்

வந்தவர்கள் முதலில் கைநீட்டுவது இதை நோக்கித்தான், அதிகாரிகளும் அதையே சொல்வார்கள். 2020-இல் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தைக் கிழக்குக் கரையில் 61 நாளிலிருந்து 47 நாளாக, ஏப்ரல் 15 முதல் மே 31 வரை என்று குறைத்தார்கள். கடலுக்குப் போக நாள் கிடைத்தது, விற்கக் கரை கிடைக்கவில்லை. களத்தை ஒழுங்காகக் காட்டினால்தான் விலக்கு நிலைக்கும்.

ஏலம் கூறுபவர் நடுவில், மீன் குவியல் முன்னால். சுண்ணாம்பால் ஆறு அடிக்கு ஒன்றாக அரைவட்டத்தில் கட்டம். மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் டோக்கன், படகுக்கு இத்தனை பேர் என்று. சில்லறைக்கு வருபவர்கள் களத்துக்குள் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கு 50 மீட்டர் தள்ளி, காற்று வீசும் திறந்த இடத்தில் பெண்கள் ஆறு அடி விட்டு உட்காரட்டும். நெரிசல் சேர்வது அரிவாள்மனை முன்னால்தான்: மீன் வாங்க இரண்டு நிமிடம் ஆனால், வெட்டி வாங்கப் பத்து நிமிடம் ஆகும். வெட்டும் இடத்தை விற்கும் இடத்திலிருந்து பிரித்து, பையில் எண் எழுதிக் கொடுத்து, "அரை மணி கழிச்சு வாங்கிக்கங்க சார்" என்று அனுப்பிவிட்டால் வரிசையே இருக்காது. மண்ணில் போட்ட சுண்ணாம்பு அன்றன்று அழியும், தினமும் நாலரைக்குப் போட ஓர் ஆளைச் சொல்லிவையுங்கள்.

தண்ணீரில் இறங்குபவர்கள்

பெரிய கரை மூடி, சின்னக் கரைக்குக் கூட்டம் வரும்போது உயிர் போவது நோயால் மட்டுமல்ல. மெரினாவில் இருக்கிற மீட்பு ஆட்கள் இங்கே இல்லை. நம் கரையின் இழுப்பு, அதாவது ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம், எங்கே என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இழுப்பு இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். காலையில் தொழிலுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டு, அன்றைய இழுப்பு இருக்கும் இடத்தின் இரண்டு பக்கமும் சிவப்புக் கொடி நடுங்கள். இடம் மாறும், கொடியும் மாற வேண்டும்.

காற்றடித்த லாரி டியூப் இரண்டு, 30 மீட்டர் மிதக்கும் கயிறு, நீந்தத் தெரிந்த இருவர். டியூப் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. கைகோத்துச் சங்கிலியாகப் போவது வேண்டவே வேண்டாம், நடுவில் ஒரு கை விட்டால் அப்புறம் மூன்று பேரைத் தேட வேண்டியிருக்கும். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. தொற்று பயத்தில் கரையேற்றியவரைத் தொடாமல் நிற்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்துவதை உடனே தொடங்கி, 108-ஐ அழைத்துக்கொண்டே செய்யுங்கள். மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பது அவசியம். தெரிந்தவர், செய்யத் துணிந்தவர் இருந்தால் செய்யட்டும்.

குப்பையும் பிளீச்சிங்கும்

திங்கள் காலை மணலில் கிடக்கும் முகக்கவசத்தை வெறுங்கையால் எடுக்க வேண்டாம். குச்சி முனையில் ஆணி அடித்துக் குத்தி எடுங்கள். காகிதப் பையில் போட்டு 72 மணி நேரம் தனியாக வைத்து, காது நாடாவை வெட்டி, பிறகு சாதாரணக் குப்பையோடு சேர்க்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல் இதுதான். நாடாவை வெட்டாமல் விட்டால் ஒன்று யாராவது துவைத்து விற்பார்கள், இல்லை கடற்பறவையின் காலில் சுற்றும்.

கழிப்பறைக் கைப்பிடி, குழாய்த் திருகு, கடைப் பலகைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர். அன்றன்று கரைக்க வேண்டும், நேற்றைய கரைசலுக்கு வீரியம் இருக்காது. கையுறை போட்டு, துணியால் துடையுங்கள். மணலில் தெளிக்க வேண்டாம், மனிதர்மேல் சத்தியமாக வேண்டாம். 2020 ஏப்ரலில் ஸ்பெயினின் சகாரா டி லோஸ் அதூனெஸ் கரையில் டிராக்டர் வைத்துப் பிளீச்சிங் தெளித்துவிட்டு, பறவை முட்டையிடும் மணலைக் கெடுத்ததற்காக ஊர் அதிகாரி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வெயிலே மணலைச் சுத்தம் செய்துவிடும்.

நோட்டு

தேதி, கிழமை, உச்ச நேரம், வண்டி எண்ணிக்கை, யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தோம், என்ன பதில், எப்போது வந்தார்கள். ஒரு நாளைக்கு ஆறு வரி. மூன்று வாரம் சேர்ந்ததும் நகலெடுத்து இரண்டாவது மனுவோடு இணையுங்கள். "5.10-க்கு அழைத்தோம், 6.45-க்கு வந்தார்கள்" என்ற ஒரு வரி பத்துப் பக்க முறையீட்டைவிட வேலை செய்யும். நாள்காட்டியில் காணும் பொங்கல், ஆங்கிலப் புத்தாண்டு, மாசி மகம், ஆடி அமாவாசை, பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முன்பே மனு போக வேண்டும். முந்தின நாள் கேட்டால் காவலர் எல்லோரும் மெரினாவுக்குப் போயிருப்பார்கள்.

தடை நீங்கியதும்

உத்தரவு முடிந்த அன்றே தடுப்பைக் கழற்றுங்கள். கடலோர ஒழுங்காற்று மண்டலத்தில் நிரந்தரமாக வேலி நிறுத்த நமக்கு உரிமை இல்லை. இரண்டு வாரம் தள்ளினால் அது ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வரும். அதைவிட மோசம், நம் சவுக்குக் கட்டையைக் காட்டி ரிசார்ட்காரர் கம்பி வேலி போடுவார். கயிற்றைச் சுருட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் பஞ்சாயத்து அறையில் வையுங்கள். பலகையில் தேதி வரியை மட்டும் அழித்தால் அடுத்த தடவைக்கு ஆகும். கட்டை பிடுங்கிய 21 குழிகளையும் எண்ணி மூடுங்கள். கரைவலை இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் நடப்பார்கள்.